பிள்ளையை நடுவில் விடாதீர்கள்

1962 ஜூலை 15, ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டு மணி. குற்றாலம். கூடிய பெரியவர்கள் பதினேழு பேர். குழந்தை ஒன்று.

என் ஆசை அம்மா,

நீ கூப்பிட்டும் வராமல் போன பிள்ளை எழுதுகிறேன்.

நீ கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. ஒரு நல்ல சேதி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முதலில் வருகிறது. வரட்டும். இதை நம் சொந்தக்காரர்களுக்கும் படிக்கக் கொடுக்கப் போகிறேன். அவர்களுக்காக ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

உன் அண்ணன் மகள் செண்பகம் மதினியும் அவள் புருஷன் சுடலைமுத்து அண்ணாச்சியும் பிரிகிறார்கள். ஆமாம், நீ இடுப்பில் தூக்கி வளர்த்த செண்பகம்தான். அண்ணாச்சிக்குப் பாவூர்சத்திரத்தில் வெங்காய மண்டி. மதினி தென்காசியில் தனியாக வீடு எடுத்துவிட்டாள். சேர்த்துவைக்க எல்லாரும் முட்டிப் பார்த்தாயிற்று. இப்போது சட்டம் வந்திருக்கிறது, கோர்ட்டில் முறையாகத் தீர்த்துக்கொள்ளலாம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒட்டாத இரண்டை ஒட்டவைக்க நான் யார்?

என் கவலை கோமு. அவர்கள் மகள், ஆறு வயது. "உங்கப்பன்ட்ட போய்ச் சொல்லு", "உங்கம்மைட்ட போய்க் கேளு" என்று இரண்டு வருஷமாக அவளைத்தான் தபால்காரி ஆக்கி வைத்திருந்தார்கள். கொண்டுபோன வசவுக்கெல்லாம் அடி வாங்கியதும் அவள்தான்.

கோர்ட்டுக்குப் போகும் முன், பிள்ளை யாரிடம் என்பதைச் சொந்தத்துக்குள் பேசி முடிப்பது என்று இங்கே ஒரு சத்திரத்தில் கூடினோம். எப்படி முடிப்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? அதே பழைய முறைதான். ஒரு பக்கம் அப்பன், எதிர்ப்பக்கம் அம்மை, பிள்ளையை நடுவில் விடுவார்கள். இருவரும் கூப்பிடுவார்கள். எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பிள்ளை. தீர்ப்பு ஆயிற்று, இலை போடலாம்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் வாசுதேவநல்லூரில், உங்கள் ஊர் மண்டபத்தின் முன்னால், ஆறு வயதில் என்னையும் அப்படித்தான் விட்டார்கள். நான் அப்பாவிடம் போனேன். "பெத்த பிள்ளையே வேண்டாம்னுட்டு. அவ என்ன கொடுமை பண்ணினாளோ" என்று ஊர் உன்னைப் பேசியது. கடைசியில் படுக்கையில் கிடந்தபோது நீயும் கேட்டாய். "நான் அந்தக் கூப்பாடு கூப்பிட்டேன். நீயாத்தானலே போனே?" எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை, அம்மா.

இன்று கோமுவை நடுவில் விட்டார்கள். வெளியே சாரல். அண்ணாச்சி கையில் அல்வாப் பொட்டலம். மதினி முந்தானையை விரித்துக்கொண்டு, "ஏட்டி கோமு, அம்மைட்ட வாட்டி" என்கிறாள். பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு" என்று வாய்ப்பாடு ஒப்பிக்க ஆரம்பித்தது. இத்தனை பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து உற்றுப் பார்த்தால் அது பரீட்சைதான் என்று நினைத்துவிட்டது. சரியாகச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தது.

எல்லாரும் சிரித்தார்கள். பதினேழு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நான் எழுந்து போய்க் கோமுவைத் தூக்கி அவள் சித்தி கையில் கொடுத்துவிட்டு, அவள் நின்ற இடத்தில் நின்றேன்.

"நடுவுல ஆள்தானே வேணும்? நான் நிக்கேன். என்னைக் கூப்பிடுங்க, பாப்போம்."

தலைமைக்கு உட்கார்ந்திருந்த வேலாயுதம் பெரியப்பாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "ஏலே சங்கரா, நாலு எழுத்துப் படிச்சு ஓவர்சீயர் ஆயிட்டா பெரியவங்களுக்குப் புத்தி சொல்லுவியோ? இது குடும்பமா, நீ போடுத பாலமா?"

"பாலம்னா மொதல்ல பாரம் எது மேல விழுதுன்னு பாப்பேன், பெரியப்பா. இங்கன மொத்தப் பாரமும் ஆறு வயசு மேல விழுது."

அப்போது அப்பா பேசினார். சுடலைமுத்து அண்ணாச்சிக்கு ஆதரவாக வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "உன்னையும் இப்படித்தானலே விட்டோம்? நீ என்கிட்ட வந்தே. என்ன கொறைஞ்சு போச்சு இப்ப?"

செருப்பை வாசலில் விட்டிருந்தேன். சாரல் அடித்து நனைந்த கல் உள்ளங்காலில் சில்லென்றிருந்தது. அந்தக் குளிர்ச்சியில்தான் எனக்கு அந்தச் சூடு ஞாபகம் வந்தது. சித்திரை மாதம். உச்சிப்பொழுது. கருங்கல் தளம். வெறுங்கால்.

"கால் சுட்டுச்சுப்பா."

"என்னது?"

"கல்லு சுட்டுச்சு. நீங்க வேப்ப மர நிழல்ல நின்னீக. அம்மா வெயில்ல நின்னா. நான் உங்ககிட்ட வரல. நிழலுக்கு வந்தேன்."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. "அண்ணே, பிள்ளையை அருவிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. பெரியவங்க பேச்சு பெரியவங்களோட இருக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டுச் சாரலில் இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு யாரும் என்னைத் தடுக்கவில்லை. மதினியைக் கிழக்கு அறையிலும் அண்ணாச்சியை மேற்கு அறையிலும் உட்காரவைத்தேன். நடுமுற்றத்தில் நான் நடந்தேன். மத்தியஸ்தம் என்று பெரிய பெயர் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். என் நிபந்தனை ஒன்றுதான்: கோமுவைப் பற்றிய பேச்சை மட்டும் கொண்டுபோவேன்.

"சங்கரா, அவகிட்ட சொல்லு, எங்கம்மைய அன்னைக்கு அவ பேசின பேச்சுக்கு..."

"அண்ணாச்சி, இது கோமுவைப் பத்தினதா?"

"இல்ல."

"அப்ப கொண்டு போக மாட்டேன். அடுத்தது சொல்லுங்க."

"நீ என்னலே, தராசு மாதிரி பேசுத!" என்றார். ஆனால் அடுத்ததைச் சொன்னார். பிள்ளைக்கு ராத்திரி இருட்டு பயம், விளக்கை அணைக்கக் கூடாது என்று மதினியிடம் சொல்லச் சொன்னார். அதைக் கொண்டுபோய்ச் சொன்னபோது மதினி முதல் தடவையாக அழுதாள்.

சாயங்காலத்துக்குள் முடிவுக்கு வந்தது. பள்ளிக்கூட நாளில் கோமு தென்காசியில் அம்மாவோடு; சனிக்கிழமை காலை முதல் ஞாயிறு சாயங்காலம் வரை அப்பாவோடு. பிள்ளையிடம் சேதி சொல்லி அனுப்பக் கூடாது. பிள்ளை காதுபட அடுத்தவரைக் குறை பேசக் கூடாது.

"அதுக்காக வாராவாரம் அவரு மூஞ்சில முழிக்கணுமா?" என்றாள் மதினி.

"முழிக்க வேண்டாம் மதினி. தென்காசிக் கோயில் மொட்டைக் கோபுரத்து வாசலுக்குக் கூட்டிட்டு வாங்க. நான் அங்கன நிக்கேன். நீங்க விட்டுட்டுப் போனப்புறம் அவரு வந்து கூட்டிட்டுப் போவாரு."

அந்த வாசலை வேண்டுமென்றேதான் சொன்னேன். குற்றாலத்துக் காற்று அங்கே எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். யாராவது ஆத்திரத்தில் எதையாவது சொன்னாலும் பாதி காற்றோடு போய்விடும். பிள்ளை காதுக்கு வந்து சேராது.

அம்மா, நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆறு வயதுக் காலுக்கு நியாயம் தெரியாது, சூடு தெரியும். அந்த நாலு அடியை வைத்து உன்னைக் கெட்டவள் என்று தீர்ப்பு எழுதிய பெரியவர்கள்தான் கேட்க வேண்டும். ஒருவராவது குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்களா? உன்னை ஏன் வெயில் பக்கம் நிறுத்தினார்கள்? நீயும் ஏன் அங்கேயே நின்றாய்? உன் காலும் சுட்டிருக்குமே?

இனிச் செய்யப் போவதை எழுதிவிடுகிறேன்.

1. நாளைக்கு வக்கீலைப் பார்த்து, இன்று பேசியதை மனுவோடு சேர்க்கச் சொல்வேன். கோமுவைக் கோர்ட்டு வாசப்படி மிதிக்க விடமாட்டேன்.

2. வாராவாரம் சனிக்கிழமை காலையும் ஞாயிறு சாயங்காலமும் கோபுர வாசலில் நிற்பேன். மழை, வேலை, மேலதிகாரி, எதுவும் சாக்கு இல்லை.

3. நம் சொந்தத்தில் யார் பிள்ளையை நடுவில் விட்டாலும், அழைக்காவிட்டாலும் போவேன். போய் நடுவில் நான் நிற்பேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

4. வருகிற சித்திரையில் ஒரு உச்சிப்பொழுது உங்கள் ஊர் மண்டபத்துக்கு வருவேன். செருப்பைக் கழற்றிவிட்டு, என்னை விட்ட அதே இடத்தில் நிற்பேன். அங்கிருந்து நீ நின்ற பக்கத்துக்கு நடப்பேன். சுடட்டும்.

உன் பக்கத்துப் பிள்ளை,
சங்கரன்