வெள்ளாவி வைத்த நார்

12-3-1982
ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது. ஆகட்டும். அறுபத்தாறு வயதில் எனக்கென்ன அவசரம்? முதியோர் கல்வியில் கொடுத்த நோட்டு தீர்ந்துவிட்டது. இது நானே அரியலூரில் பார்த்து வாங்கியது.

ரயில் பாதை ஓரத்துக் கற்றாழையைச் சீவி நார் எடுத்து, பெரம்பலூர் தர்மராஜ் பட்டறைக்குக் கொடுக்கிறேன். அங்கே நாரைப் பாய் போலப் பரப்பி, ரெசின் என்ற பிசினை ஊற்றி அழுத்துகிறார்கள். இறுகினால் பலகை. வேன் கதவின் உள்பக்கத்துக்கு ஆகுமாம். தகரத்தைவிட லேசு. மெட்ராஸ் கம்பெனிக்கு மாதிரி அனுப்பியிருக்கிறார். முள் குத்துகிறது என்று ஆடு கூடத் தொடாத செடி, வேனில் ஏறப் போகிறது!

15-3-1982
சாக்கின் மேல் ‘நார்’ என்று எழுதுவதற்கு ‘நாறு’ என்று எழுதிவிட்டேன். பட்டறையில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதியதால்தானே சிரிக்க முடிந்தது?

24-3-1982
மாதிரி திரும்பி வந்துவிட்டது. தண்ணீர் பட்டதும் பலகை ஏடு ஏடாகப் பிரிந்ததாம்.

தர்மராஜ் ஒரு தாளையும் மைப்பெட்டியையும் நீட்டினார். “ஒண்ணுமில்ல பெரியவரே, நார் வாங்கினதுக்கு அத்தாட்சி. பெருவிரலை வைங்க.”

எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘நான் கொடுத்த நார் மட்டமானது என்று ஒப்புக்கொள்கிறேன்.’

“கொத்தனார் மட்டம்னா வைக்கிறேன் மொதலாளி. இது வேற மட்டமால்ல இருக்கு!”

அவர் முகம் போன போக்கு! “படிக்கத் தெரியுமா?”

“இப்பத்தான். ஆறு மாசமா.”

கையெழுத்தும் இல்லை, கைநாட்டும் இல்லை. உடைந்த துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

25-3-1982
தூக்கம் இல்லை. எது மட்டம்? என் நாரா? கெணத்துத் தண்ணி எறைக்கக் கமலை இழுத்த நார்யா அது! ரெண்டு மாடு சேந்து இழுத்தும் அறாத நாரு!

26-3-1982
துண்டிலிருந்து ஒரு நாரை உருவினேன். முழுசாக வந்தது. அறவில்லை. ஆனால் அதில் ஒரு பொட்டுப் பிசின் ஒட்டியிருக்கவில்லை. வழவழப்பு. நாரும் கெட்டி, பிசினும் கெட்டி, இரண்டும் சேரவில்லை. ஏன்?

துணி வெளுக்கும் பூங்காவனம் தடவிப் பார்த்தாள். “இதென்னண்ணே அதிசயம்? வெளுக்காத புதுக் கோடித் துணியும் இப்புடித்தான், தண்ணியே குடிக்காது. உவர்மண்ணுல ஊறவச்சு, பானை ஆவியில வேகவச்சு வெள்ளாவி வச்சாத்தான் சாயம் ஏறும்.”

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். சந்தோஷத்தில்தான்.

2-4-1982
பூங்காவனம் வெள்ளாவி வைத்து, அலசி, வெயிலில் காயவைத்த நாரோடு பட்டறைக்குப் போய், அவள் சொன்னதைச் சொன்னேன். தொட்டால் சொரசொரப்பு.

“துணி வெளுக்கறவ பேச்சக் கேட்டு வண்டிக் கதவு செய்யச் சொல்றீங்களா?” என்றார் தர்மராஜ்.

“ரெண்டு பலகை ஊத்துங்க. ஒண்ணு பழைய நாரு, ஒண்ணு இந்த நாரு. மூணு நாள் தொட்டியில போடுங்க. இதுவும் பிரிஞ்சா அந்தத் தாளைக் கொடுங்க, பத்து விரலையும் வைக்கிறேன்.”

என் மனைவி மருதாயி கேட்டுவிட்டு, “இருக்கறதே பத்து வெரலு, அதையும் பந்தயம் வச்சுட்டு வந்தியா?” என்றாள்.

9-4-1982
பழைய நார்ப் பலகை தோசை போலப் பிரிந்தது. மற்றதைத் தர்மராஜே சுத்தியலால் அடித்தார். சுத்தியல்தான் துள்ளியது. மறுபடியும் அடித்தார்.

“எத்தனை நாழி வேக வச்சீங்க?” என்று கேட்டார்.

“எனக்கெப்படித் தெரியும்? பூங்காவனத்த வந்து கேளுங்க.”

11-4-1982
வந்தார். கேட்டார். அவள் துவைக்கிற கல்லில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார்.

30-5-1982
புது மாதிரியைப் பார்த்து மெட்ராஸ் கம்பெனி ஆர்டர் கொடுத்துவிட்டது. இன்று எங்கள் ஊர் நாட்டாமை அழுக்கு வேட்டியோடு பூங்காவனத்திடம் வந்து சத்தம் போட்டார். நாளை அவர் வீட்டில் கல்யாணமாம், வெளுக்கப் போட்ட துணி ஒன்றுகூடத் திரும்பவில்லையாம். பூங்காவனம் அடுப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “பானையில வேன் கதவு வெந்துக்கிட்டிருக்குங்க. முப்பது கதவு. முடிஞ்சதும் வேட்டி.”