கொட்டை எழுத்துப் பெட்டி இரண்டைத் திருப்பித் தரவேண்டி

அனுப்புநர்:
மு. ராமாமிர்தம்,
அச்சுக்கூடம் நடத்துபவர்,
கடைவீதி, பதுளை.

பெறுநர்:
அரசாங்க ஏஜெண்டுத் துரை அவர்கள்,
ஊவா மாகாணம், பதுளைக் கச்சேரி.

பொருள்: பறிமுதலான கொட்டை எழுத்துகள் பற்றியும், பாக்கியலெட்சுமி என்ற பெண்ணுக்கு மீதியுள்ள பதினாறு நாட்கள் பற்றியும்.

கனம் பொருந்திய துரை அவர்களுக்கு, அச்சுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது:

1. சென்ற சனிக்கிழமை என் அச்சுக்கூடத்துக்கு வந்த உத்தியோகஸ்தர் ஒருவர், ஈய எழுத்து நிறைந்த இரண்டு பெட்டிகளை எடுத்துப் போனார். அரசாங்க எழுத்தைப் பாவித்து ஜனங்களை ஏமாற்றினேனாம். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் கொடுத்த புகார்.

2. அந்த எழுத்தைச் சென்னப்பட்டணத்தில் யாரும் வாங்கலாம். நெடுங்கோடு தடித்திருக்கும், குறுக்குக்கோடு மெலிந்திருக்கும், கோட்டின் முனையில் சிறு பாதம் இருக்கும். மூடுபனியிலும் பத்தடி தள்ளி நின்று வாசிக்கலாம். ஒரு பக்கம் முழுக்க அதில் அடித்தால் கண் நோகும். ஆனால் தலைப்புக்கும் எச்சரிக்கைக்கும் அதைப்போல் எழுத்து வேறில்லை.

3. அதே துரைக்கு எட்டு வருஷமாக "ஓடிப்போன கூலி" நோட்டீசுகளை இதே எழுத்தில் அடித்துக் கொடுத்தவன் நான்தான். இன்னும் தடிப்பாக வேண்டுமென்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். அப்போது அது அரசாங்க எழுத்தாகத் தெரியவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

4. தை மாதம் அவர் ஆபீசுக்கு நோட்டீசு கொண்டுபோனபோது, சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தாளைக் கண்டேன். கூலிகளுக்கான தண்டனையெல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தது. பிள்ளை பெற்றவளை முப்பது நாள் வேலைக்கு அழைக்கக் கூடாதென்ற விதி, அடியில் கடுகு எழுத்தில் கிடந்தது. கண்ணாடி போட்டும் மூக்கு சுவரில் இடிக்கக் குனிந்துதான் வாசித்தேன். எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. அந்த விதியை ஒரு சொல்லும் கூட்டாமல் கொட்டை எழுத்தில் ஐம்பது தாள் அடித்து, தோட்டங்களுக்குப் போகும் வண்டிக்காரர்களிடம் கொடுத்தனுப்பினேன்.

5. அந்தத் தோட்டத்துப் பாக்கியலெட்சுமிக்கு வாசிக்கத் தெரியாது. வண்டிக்காரர் வாசித்துச் சொல்ல, ஒரு தாளைத் தன் லயத்து வீட்டுக் கதவில் ஒட்டிவைத்தாள். பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் அவளைக் கொழுந்து பறிக்க அழைக்க வந்த கந்தப்பன் கங்காணி, எழுத்தின் தடிப்பைக் கண்டதும் யாரையோ பிடிக்கும் உத்தரவென்று பயந்து தலைப்பாகையைக் கழற்றிவிட்டாராம். பிறகு வாசித்துப் பார்த்து, அவளை அழைக்காமலே திரும்பிப் போனார். நான் செய்த மோசடி இவ்வளவுதான். மறுநாள் தோட்டத் துரை அந்தத் தாளைக் கிழித்தார். இன்று பதினான்காம் நாள். நாளைக் காலை பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வராவிட்டால் பிள்ளையோடு லயத்தைவிட்டு வெளியேற வேண்டுமென்று அவளுக்குச் சொல்லியாயிற்று.

6. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பெட்டிகள் திரும்பினால் முதல் வேலையாக அதே தாளை மறுபடி அடிப்பேன். அதில் ஒரு சொல் பொய்யென்றால் என்னைச் சிறையிலிடுங்கள். மெய்யென்றால் இன்றே மடுல்சீமைக்கு ஆளனுப்புங்கள்.

கொட்டை எழுத்து இல்லாததால் இம்மனுவைப் பேனாவால் எழுத நேர்ந்தது. கீழேயுள்ள ஒரு வரிக்கு மட்டும் நாலு தடவை மை ஏற்றி, கோட்டுக்குக் கோடு பாதமும் வைத்திருக்கிறேன். தாங்கள் நாற்காலியில் இருந்தபடியே வாசிக்கலாம்.

பிள்ளை பெற்ற பெண்ணை முப்பது நாள் வேலைக்கு அழைக்கக் கூடாது.

பதுளை,
1914 மார்ச் 17.

இப்படிக்கு, மை காயுமுன் பதிலை எதிர்பார்க்கும்,
மு. ராமாமிர்தம்