அண்ணனின் இறுகிய தோள்

மார்ச் 3
மருத்துவமனையில் என் பிசியோதெரபி அறைக்கு இன்று வந்த கடைசி நோயாளி என் அண்ணன். தோள்பட்டை இறுகிவிட்டதாம், தலை சீவக்கூடக் கை எழும்பவில்லை. ஆனால் எழுந்து நிற்பதில் அவனுக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. என் கல்யாணத்தில், "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று போதகர் கேட்டார். உலகத்தில் யாருமே பதில் சொல்லாத கேள்வி. இவன் எழுந்து, "மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை இல்ல" என்றான்.

"அது தடை இல்ல, உட்காருங்க" என்றார் போதகர். சபையே சிரித்தது. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் என் கணவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஆட்சேபணை'. அண்ணனோடு பேச்சு நின்று பதினொரு வருஷம்.

"கையைத் தூக்குங்க" என்றேன், முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல.

மார்ச் 5
"ஆ" என்றான். நான் அவன் தோளைத் தேவைக்கு மேல் அழுத்தவில்லை. குறைவாகவும் அழுத்தவில்லை.

மார்ச் 8
அண்ணன் என்னிடம் சிகிச்சைக்கு வருவதைப் போதகரிடம் சொன்னேன். "அவருக்காக ஜெபம் பண்றீங்களா?" என்றார்.

"பண்றேன் ஐயா. அவனுக்குப் புத்தி கொடுங்கன்னு."

"அது ஜெபம் இல்லம்மா, புகார்."

மார்ச் 9
ஆண்டவரே, அண்ணனைச் சுகமாக்கும். அவசரமில்லை.

மார்ச் 12
கையை நீட்டி மடக்கிக்கொண்டே சொல்கிறான்: "அன்னைக்கு உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

என் நல்லதுக்கா? அத்தனை பேர் முன்னாடி அவர் தலை குனிஞ்சு நின்னாரே, அதுல எனக்கு என்ன நல்லது? ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் நானும் பெரிய மனசு பண்ணி மன்னித்திருப்பேன். ஒத்திகைகூட பார்த்து வைத்திருக்கிறேன். இவன் கேட்கிற ஜாதி இல்லை.

சிலுவையில் இயேசு மன்னித்தபோது, கீழே ஒருத்தனும் மன்னிப்புக் கேட்டு நிற்கவில்லை. எனக்கு வசதிப்படாத நேரம் பார்த்துத்தான் வேதம் ஞாபகம் வரும்.

மார்ச் 17
இன்று ஜெபத்தை "சுகமாக்கும்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சொல்லி முடிப்பதற்குள் தாடை வலித்தது.

மார்ச் 22
ஆலய வாசலில் சித்தி பிடித்துக்கொண்டாள். "உங்க அண்ணன் கைக்கு வந்தது தண்டனைடி. ஆண்டவர் பாத்துக்கிட்டுதான் இருக்கார்."

இதையே நான் மனதுக்குள் எத்தனை முறை சொல்லி ருசித்திருப்பேன். சித்தி வாயில் கேட்டபோது ருசிக்கவில்லை.

"சர்க்கரை இருக்கறவங்களுக்குத் தோள் இறுகும் சித்தி. தண்டனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆண்டவருக்கு வேற வேலை இருக்கு."

சித்தியின் முகம் சுண்டிப்போனது. நானா பேசினேன்? அவனுக்காகவா?

மார்ச் 24
கை காது வரை எழும்பியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

ஏப்ரல் 19
ஆராதனைக்குத் தாமதம். அண்ணன் இருந்த வரிசையில் மட்டும்தான் இடம். கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் முதலில் போய் உட்கார்ந்தேன். அண்ணன் அவருக்கும் சேர்த்து நகர்ந்து இடம் விட்டு, பாட்டுப் புத்தகத்தை எங்கள் பக்கம் நீட்டினான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சுருதி சேராது. அவனும் நானும் சத்தமாகவே பாடினோம். முன்வரிசைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.