பெரியவர் நின்றுபோன காரணம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். உன் மனைவியும் நலம் என்றுதான் எழுத வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன். பெரியவரும் நலம். நேற்றுச் சாவி போட்டதும் பின்னால் பெட்ரோல் பம்பு டக்டக்கென்று பேச, முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டார். இந்தக் காருக்கு நீ வைத்த பெயர் வீண்போகவில்லை.

போன கடிதத்தில், மருமகள் டாங்கியைக் காயவிட்டு ஓட்டிப் பம்பை எரித்துவிட்டாள் என்று எழுதியிருந்தேன். அவள் வேலைக்குப் போகும்போது பாலத்தின் மேல் வண்டி நின்றது உண்மை. மற்றதெல்லாம் என் யூகம். மெக்கானிக்கும் பம்பை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, இது போச்சு, புதுசு வர மூணு மாசம் ஆகும் என்று சொல்லிவிட்டார். நீயும் அங்கிருந்தே அவளைக் கடிந்து, சாவியை அப்பாவிடம் கொடுத்துவிடு என்றாய். அவள் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து என் மேசையில், கண்ணாடிக் கூட்டின் பக்கத்தில் வைத்தாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை உன் போன் வரும் நேரம் பார்த்து அவளுக்கு மாடியில் துணி காயப்போடும் வேலை வந்துவிடுகிறது. நீயும் கவனித்திருப்பாய்.

சனிக்கிழமை காலை வந்து, ஒரு மணி நேரத்துக்குச் சாவி வேண்டும் என்றாள். எதற்கு என்றேன். "வண்டி ஓடணும்னு இல்ல மாமா. நான் கெடுக்கலைன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிறவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று, வேடிக்கை பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

முதல் காரியமாக ஷெட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். பெட்ரோல் கேனைத் தூரக் கொண்டுபோய் வைத்தாள். ஒரு சின்ன பல்பில் இரண்டு கம்பி பிணைத்து ஒரு சோதனை விளக்கு செய்து வைத்திருந்தாள். கம்பியை மாட்டும்போதெல்லாம் சாவியை அணைத்துவிட்டுத்தான் மாட்டினாள். பியூஸைக் கழற்றிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று நோட்டில் எழுதினாள். பாட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு நீளக் கம்பியைப் பின்பக்கம் வரை இழுத்து வந்து, அதிலும் பம்புக்கு வரும் கம்பியிலுமாக விளக்கை மாட்டினாள். பளிச்சென்று எரிந்தது. பார்த்தாயா, கரண்ட் வருகிறது, பம்புதான் செத்துப்போச்சு என்றேன் நான், ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி.

அவள் நீளக் கம்பியில் மாட்டியிருந்த விளக்கின் முனையை மட்டும் எடுத்துப் பம்பின் உடம்பில் வைத்தாள். விளக்கு எரியவில்லை. அதையும் நோட்டில் எழுதினாள். "கரண்ட் வருது மாமா. திரும்பிப் போகத்தான் வழியில்ல" என்றாள். பிறகு அந்த நீளக் கம்பியைப் பம்பின் உடம்போடு சேர்த்துச் சாவியைத் திருப்பினாள். டக்டக், டக்டக். செத்தது என்று நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகள் சத்தியம் செய்த பம்பு அது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

பிறகுதான் என் வண்டவாளம் வெளியே வந்தது. பம்பிலிருந்து கரண்ட் திரும்பிப் போகும் எர்த் கம்பியை வண்டியின் பாடியில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினாள். அடியில் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். நீ லீவில் வருகிறாய் என்று டிக்கியின் அடியெல்லாம் மூன்று பூச்சு அடித்துப் போட்டோ அனுப்பினேனே, அதே பெயிண்ட்தான். எர்த் கம்பி உட்காரும் இடத்தைக்கூட விடாமல் அடித்து, அதன் மேலேயே முடுக்கிய மகானுபாவன் நான். பெயிண்டைத் தாண்டி கரண்ட் போகாது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்ச நாள் ஓடி, பாலத்தில் அதுவும் விட்டுப்போயிருக்கிறது. எய்தவன் நான் இருக்க, அம்பை நோவதுபோல இத்தனை நாள் அவளை நோகடித்திருக்கிறோம்.

அவள் உப்புத்தாளை மட்டும் என் கையில் கொடுத்தாள். நான் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தகரம் தெரியும்வரை தேய்த்தேன். உன் அம்மா கதவில் சாய்ந்து நின்று, இன்னும் அந்த ஓரம் இருக்கு என்று கைகாட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

மகனே, எனக்குக் கோபம் வந்தால் பம்பைத் தட்டுவேன், ஆளைத் திட்டுவேன். உன் மனைவியோ கண்ணெல்லாம் கலங்கியிருந்தபோதும் ஒவ்வொரு கம்பியாகப் பொறுமையாகப் பார்த்தாள். இப்படி ஒருத்தி நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பது எனக்குப் பெருமை. அதை அவள் முகத்துக்கு நேரேயே சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். சிரித்தாள். ஆனால் சாவியை நீட்டினால் வாங்கமாட்டேன் என்கிறாள். குடுக்கச் சொன்னவங்களே எடுத்துக்கச் சொல்லட்டும் என்றுவிட்டு, இன்றைக்கும் இரண்டு பஸ் மாறித்தான் வேலைக்குப் போனாள்.

சாவி கண்ணாடிக் கூட்டின் பக்கத்திலேயே இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடாதே. அவளைக் கூப்பிடு. அன்றைக்குத் துணியை நான் காயப்போட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் நிறைவாக இருக்க வேண்டும் என்ற ஆசீர்வாதத்துடன்,
நகக்கண்ணில் இன்னும் கறுப்புப் போகாத
உன் அப்பா