யாரிடமும் இல்லாத பெயர்

ட்ரெவெல்லன், கார்ன்வால்
டிசம்பர் 1886

அன்புத் தம்பி டிகரிக்கு,

அக்கா தாம்சின் எழுதுவது. நீயும் ஹெஸ்டரும் ஆஸ்திரேலிய வெயிலில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே மழை விடவில்லை. உன் அத்தான் படகை இன்னும் கரையேற்றியேதான் வைத்திருக்கிறார்.

எனக்கு மகள் பிறந்ததை முன்பே எழுதினேன். பெயரை எழுதவில்லை. அதைத் தானே உனக்கு எழுதுவதாக அப்பா சொல்லியிருந்தார். ஞாயிறுதோறும் காகிதத்தோடு உட்காருவார். ஒரு வரி எழுதுவார், கிழித்து அடுப்பில் போட்டுவிடுவார்.

பெயர், லவ்டே. ஞானஸ்நானத்தன்று நான் வேறு பெயர் நினைத்திருந்தேன். பாதிரியார் கேட்டதும் அப்பா முந்திக்கொண்டார். புதுப் பாதிரியார் லண்டன்காரர். "அன்பு நாளா? இப்படியும் ஒரு பேரா? மேரி, ஆன் மாதிரி ஏதாவது வைங்களேன்" என்று சிரித்தார். பின்வரிசையில் பக்கத்து வீட்டு பிலிப்பா, "இந்தப் பேரோட வளந்தா எத்தனை பய பின்னாடி சுத்தப்போறானோ!" என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. "நம்ம கார்ன்வால் எல்லை டேமர் ஆறு, அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு இது தெரியாது சாமி. இங்க ஒரு காலத்துல தெருவுக்கு ஒரு லவ்டே இருந்தா. இப்பத்தான் ஒண்ணையும் காணோம். ரெண்டு வீட்டுக்குள்ள பகைன்னா, பெரியவங்க ஒரு நாள் குறிப்பாங்க. அன்னிக்குக் கோபத்தை விட்டுட்டு கை குடுத்துக்கணும். அந்த நாளுக்குப் பேருதான் லவ்டே. அன்னிக்குப் பொறந்த புள்ளைக்கும் அதே பேரு" என்றார்.

"அப்ப இவ பொறந்த அன்னிக்கு யார் யாரோட சமாதானம் ஆனாங்க?" என்று பாதிரியார் கேட்டார்.

அப்பா தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே நின்றார். "இன்னும் ஆகல. பேரையாவது முதல்ல வச்சுடறேன்."

டிகரி, சுரங்கம் சரிந்து பாஸ்கோ அண்ணன் போனபோது, கல்லறைப் பக்கத்தில் ஊரே பார்க்க அப்பா உன்னிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. "நீ மட்டும் ஏன்டா மேல வந்தே?" அதன் பிறகு நீ வீட்டுக்குள் வரவில்லை, நேராகத் துறைமுகத்துக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து அப்பா உன் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் எந்தப் பகையை நினைத்து அந்தப் பெயரை வைத்தார் என்று கோயிலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது, பாதிரியாரைத் தவிர.

தம்பி, லவ்டே இப்போது இல்லை. கக்குவான் இருமல். இந்த இலையுதிர்காலத்தில் ஊரில் பல வீடுகளில் புகுந்தது. அவளை அப்பாதான் தோளில் போட்டு நடந்துகொண்டே இருந்தார். இருமல் நின்றதும் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, மேலும் கொஞ்ச நேரம் நடந்தார். நான்தான் வாங்கிப் பார்த்தேன். அடக்கத்தன்று பிலிப்பா என்னைவிட அதிகமாக அழுதாள்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. ஹெஸ்டர் முழுகாமல் இருப்பதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, "தாம்சின், அந்தப் பேரு இப்ப யாருகிட்டயும் இல்லை. டிகரிக்கு எழுது" என்றார்.

உன் பெயரைச் சொல்லிவிட்டாரே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த நிமிஷம் அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. அது என் பிள்ளையின் பெயர். எழுந்து வெளியே போய் மழையில் நின்றேன். திரும்பி வந்தபோதும் அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். ரொம்பக் கிழவராகிவிட்டார், டிகரி. அவருக்கு இதற்கு மேல் கேட்கத் தெரியாது.

ஆகவே நான் எழுதுகிறேன். பெண் பிறந்தால் அந்தப் பெயரை வை. அவர் கொடுக்கவில்லை, நான் கொடுக்கிறேன். ஹெஸ்டருக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டாமல் கர்த்தர் காக்கட்டும்.

இங்கே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இனி ஆளில்லை. அவளைக் கூப்பிடும்போது உரக்கக் கூப்பிடு.

உன் அக்கா,
தாம்சின்