ஆடிப் புழுதியும் நீங்கள் காணாத மிதவையும்

அண்ணே,

காலையிலிருந்து ஆடிக்காற்று தேரி மணல்மேட்டு மண்ணை வாரிக்கொண்டு வந்து ஊர் முழுக்கத் தூவுகிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் போனவள், துடைக்காமலேயே மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். பக்கவாட்டில் வெயில் விழுந்ததும் எதிர்வீட்டுச் சுவரைக் காணோம். ஒரே வெள்ளை. தலையைக் கொஞ்சம் திருப்பினால் சுவர் வந்துவிடுகிறது. இந்த வயதில் கிழவி கண்ணாடியோடு விளையாடுகிறாள் என்று மருமகள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

எழுபதுகளின் நடுவில் இப்படியொரு ஆடிக் காலையில்தான், கொழும்பிலிருந்து திரும்பிய உங்கள் தோணி மணல்திட்டில் ஏறி நின்றது. தோணியில் தலைவனான தண்டல் சொல்வதுதான் சட்டம். அந்தத் தண்டல் நீங்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடிப்பலகை பிளந்து சரக்கு நனைந்தது. மற்றவர்கள் பாயை இறக்கிக்கொண்டிருக்க, சுக்கானைப் பிடித்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள் ஒருவர்தான். வழிகாட்டும் மிதவை நேர் எதிரே கிடந்திருக்கிறது.

"புழுதி வெள்ளத் துணி கட்டுன மாதிரி நின்னுச்சு அண்ணாச்சி. மிதவை தெரியல" என்றீர்கள் தோணி முதலாளியிடம்.

"தூங்கிட்டேன்னு சொல்லும்வே. அது என்ன, மிதவைய மட்டும் மறைக்கிற புழுதி?" என்றார் அவர்.

என்னை உள்ளே இழுத்துவிட்டது நீங்களேதான். "நம்ம தெருப் பிள்ள ஒருத்தி காலேஜில வெளிச்சத்தப் பத்தித்தான் பாடம் எடுக்கா. அவ கணக்குப் போட்டுச் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. சூரியன் எங்கே இருந்தது என்று கேட்டேன். வலது தோளைத் தொட்டு, "இதுக்குக் கொஞ்சம் பின்னால" என்றீர்கள்.

புழுதியில் பட்ட வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சிதறுவதில்லை. நேர் முன்னால் நிறையப் போகும், பக்கவாட்டில் குறையும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று சொல்ல என்னிடம் ஓர் அட்டவணை இருந்தது. அது உருண்டையான துகள்களுக்குப் போட்டது. அதன்படி பார்த்தால், சூரியன் அந்த இடத்தில் இருக்கும்போது புழுதியிலிருந்து உங்கள் கண்ணுக்கு வந்து எதிரே இருப்பதை மறைத்திருக்கக்கூடிய வெளிச்சம் கொஞ்சம்தான். மிதவை தெரிந்திருக்க வேண்டும். முதலாளியிடம் அப்படியே சொன்னேன். சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அன்று சாயங்காலமே தோணி உங்கள் கையை விட்டுப் போய்விட்டது.

மறுநாள் நீங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தீர்கள். சண்டை போடுவீர்கள் என்று நினைத்தேன். பாயிலிருந்து தட்டிய புழுதியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தீர்கள்.

"ஏளா, இதுல ஒண்ணாவது உருண்டையா இருக்கான்னு பாரு."

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. உடைத்த கருப்பட்டிச் சில்லு மாதிரி மூலையும் முனையுமாகக் கிடந்தன. என் அட்டவணை உருண்டைகளுக்குப் போட்டது என்பது உறைத்தது. ஆனால் வாய் வேறு சொன்னது: "கோடிக்கணக்குல சேரும்போது எல்லாம் சராசரியாயிரும்ணே."

"அப்படியா? படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கைக்குட்டையை உதறி மடித்துக்கொண்டு போனீர்கள். பிறகு இன்னொருவர் தோணியில் சாதாரண ஆளாகப் போனீர்கள். அப்புறம் அதையும் விட்டுவிட்டு, மதினியின் ஊரான தருவைகுளத்துக்கே வலை இழுக்கப் போய்விட்டீர்கள்.

சராசரியாவதில்லை அண்ணே. பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். கோணல்மாணலான துகள்கள், நீங்கள் தோளைத் தொட்டுக் காட்டினீர்களே, அந்தப் பக்கத்து வெளிச்சத்தை உருண்டைகளைவிட அதிகமாகக் கண்ணுக்கு அனுப்புகின்றன. புழுதித் திரை நான் சொன்னதைவிடக் கனமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மிதவையை மறைக்கும் அளவுக்கா? அன்று எவ்வளவு புழுதி, துகள் எவ்வளவு பொடி, யார் அளந்தார்கள்? "நீங்கள் சொன்னது சரியாக இருந்திருக்கலாம்" என்று சொல்ல ஒரு பஸ் பிடித்து வருவதா என்று குழம்பினேன். குழம்பிக் குழம்பியே நாளைக் கடத்தினேன். தருவைகுளம் என்ன தூரம்! வந்திருக்க வேண்டும்.

நீங்கள் இறந்து முப்பதாம் நாள் பூசைக்குத்தான் வந்தேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஈஸ்டருக்கு முந்தி ஒவ்வொரு தபசு காலமும் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல அதத்தான் சொல்லுவாக. சுக்கானப் புடிச்சுக்கிட்டே கண்ணசந்துட்டேன்னு. மொதல்ல தூங்கலன்னுதான் சொல்லிட்டிருந்தாக. பொறவு, 'அந்தப் பிள்ள கணக்குப் போட்டுல்லா சொல்லியிருக்கா, நான் தூங்கித்தான் இருக்கணும்'னு அவுகளா முடிவு பண்ணிக்கிட்டாக."

முதலாளி உங்களை நம்பாதது பெரிதில்லை. உங்களையே உங்கள் கண்ணை நம்பாமல் செய்தது நான்.

அந்தச் சனிக்கிழமை கோயிலில், பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்காலிட்டேன். எதைச் சொல்வது? பொய் சொன்னேன் என்றா? தெரிந்து சொன்ன பொய் இல்லையே. கைக்குட்டைப் புழுதியைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றா? அதற்கு என்ன பெயர்?

"ஒருத்தர் தூங்கல சாமி" என்றேன்.

"யாரும்மா?" என்றார் அந்த இளம் சாமியார். அழுகைதான் வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

எது என் பாவம் என்பது இன்றும் எனக்குக் குழப்பம்தான். உங்களிடம் பாவமே இருந்ததா என்பதற்கும் ருசு இல்லை. ஆனாலும், நீங்கள் தூங்கவில்லை அண்ணே. இதை மட்டும் நான் கணக்குப் போடாமல் சொல்கிறேன்.