மருத்துவர் அந்துவனாரின் விரல்களுக்காக விடுத்த ஓலை

நலம் நிலைக்க. வெண்கோட்டு மலையும் அதன் சுனைகளும் குறையாது விளங்க. குடிகளின் அழுகுரல் கேட்டால் உண்ணும் உணவை விட்டு எழும் பெருந்தகை, வெண்கோட்டு நாட்டரசர் எழில்வேளாரின் திருமுன்னர், மருதஞ்சூழ் நாட்டு முதலமைச்சன் சாத்தங்கண்ணன், தலை நிமிரும் தகுதி இழந்தவனாய்த் தாழ்ந்து வணங்கி விடுக்கும் ஓலை.

முதற்கண் விண்ணப்பம் ஒன்றே. தங்கள் சிறையில் இருக்கும் மருத்துவர் அந்துவனார் குற்றமற்றவர். அவர் நஞ்சிட்டார் என்று பழி சுமத்தி, நாடி பார்க்கும் அவருடைய மூன்று விரல்களையும் களையவேண்டுமென்று எங்கள் அவையின் பெயரால் முன்னர் வந்தது பொய்யோலை. அதை எழுதுவித்தவனும் இச்சாத்தங்கண்ணனே. அத்தண்டனையைத் தாங்கள் நிறுத்தியருள வேண்டும்.

எங்கள் இளவரசியார் முல்லைநங்கையாரின் மேனியில் வெண்படை தோன்றியது. செய்தி கசிந்தால் மணம் பேச எவரும் வாரார் என்று அஞ்சிய இவ்வமைச்சன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தான். நோய்க்குறிப்பை ஓலையில் எழுதாமல், இளவரசியாரின் திருவுருவப் படத்துக்குள் ஒளித்து, தங்கள் நாட்டு மருத்துவரான அந்துவனாருக்கு அனுப்பப் பணித்தான். எங்கள் அரண்மனை மருத்துவர் சொல்லச் சொல்ல ஓவியர் வரைந்தார். ஆடையில் பூ விழுந்த இடமெல்லாம் படை படர்ந்த இடம். மாலையின் நிறம் நாடியின் நிலை. கூந்தலில் ஒரு மலர் வாடியிருந்தால், சேராங்கொட்டை சேர்ந்த மருந்து இவ்வுடலுக்கு ஆகாது என்பது பொருள். மருத்துவர் இருவரும் ஓராசிரியரிடம் பயின்றவர்கள் ஆதலால் இக்குறிகளை அறிவர். அமைச்சன் அறியான். மறைபொருளை அறிந்தோர் குறைவாய் இருப்பதே நன்று என்று அவன் கேளாமலே இருந்துவிட்டான்.

படம் புறப்படும் நாளில் அதைக் கண்டான். மணமாகாத பெண்ணின் படத்தில் வாடிய பூ இருப்பது எங்கள் நாட்டில் அமங்கலம். ஓவியரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பது தன் பதவிக்கு இழுக்கென்று எண்ணி, வேறொருவனை அழைத்து அம்மலரின்மேல் செவ்வண்ணம் பூசி மலரச் செய்தான். வாடிய மலர் காணாத அந்துவனார், நம்பி மருந்து அனுப்பினார். அதை உண்ட இளவரசியாரின் முகம் வீங்கி, மூச்சு முட்டி, உயிர் ஊசலாடிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதுபோல் சிறைப்பட்டவர் அந்துவனார்.

அவரோ சினந்து ஒரு சொல் எழுதவில்லை. சிறையிலிருந்தே படத்தைத் திருப்பி அனுப்பி, ஆகாத மருந்தைச் சொல்லும் மலரை எவ்வளவு தேடியும் தாம் காணவில்லையென்றும், இளவரசியார் இப்போது தடையின்றி மூச்சு விடுகிறாரா என்றும் மட்டும் கேட்டிருந்தார். எங்கள் மருத்துவர் ஈரத்துணியால் கூந்தலைத் துடைத்தார். அவசரப் பூச்சு கரைந்து வாடிய மலர் வெளிப்பட்டது. அவையோர் அனைவரும் அதைப் பார்க்க, அமைச்சன் தன் கால்களைப் பார்த்து நின்றான். பின் செய்ததையெல்லாம் சொன்னான்.

பிழைத்தெழுந்த இளவரசியார், நோய் வந்தது தமக்கு, வெட்கம் மட்டும் அமைச்சருக்கு ஏன் வந்தது என்று வினவியருளினார்.

இளவரசியார் தம் நோயைத் தாமே சொல்லி எழுதுவித்த குறிப்பு, சேராங்கொட்டை ஆகாது என்ற வரியோடு, இவ்வோலையுடன் வருகிறது. இனியும் அந்துவனாரே தமக்கு மருந்து தரவேண்டுமென்பது அவர் விருப்பம். ஒருவேளை தண்டனை முன்னரே நிறைவேறியிருப்பின், சாத்தங்கண்ணன் வெண்கோட்டுக்கு வந்து நிற்பான். அவன் விரல்களை என்ன செய்வதென்று அந்துவனாரே சொல்லட்டும்.

அரச முத்திரை இட்டது. எவரும் பிரித்துப் படிக்கட்டுமென்று கயிறு கட்டவில்லை. ஓலையை முதலில் அந்துவனார் கேட்கப் படிக்க. திரும்பும் வழியில் ஊர்தோறும் மன்றில் நின்று உரக்கப் படிக்க என்பது தூதனுக்கு இளவரசியார் இட்ட கட்டளை. படிக்குங்கால் அமைச்சன் பெயரை மென்று விழுங்காதே என்பது, அமைச்சன் இட்ட கட்டளை.